படியும் பாக்கெட்டும்

மளிகைக் கடையில் ஒரு காலத்தில் விலை என்றால் படி விலை, வீசை விலை. துவரம் பருப்பு படி இவ்வளவு, புளி வீசை இவ்வளவு என்று கடைக்காரர் சொல்வார். எவ்வளவு வேண்டும் என்பதை வாங்குகிறவர் சொல்வார். அரைப்படி, கால்படி, ஒரு ஆழாக்கு, பத்துப் பலம் என்று அளவு ஆளுக்கு ஆள் மாறும், விலை ஒன்றுதான். இன்று அளவை எங்கோ ஒரு ஆலையில் முடிவு செய்து உறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். விலையும் அந்த உறைக்குத்தான். 340 கிராம் ஒன்று, 450 கிராம் ஒன்று, 870 மில்லி ஒன்று என்று ரேக்கில் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் எது மலிவு என்று தெரிய வேண்டுமானால், வாங்க வந்தவர் நின்ற இடத்திலேயே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டாக வேண்டும். அன்று அந்தக் கணக்கு கடைக்காரரின் பொறுப்பில் இருந்தது.

பழைய அளவுகளுக்கு ஒரு குணம் உண்டு. எல்லாமே பாதி பாதியாகப் போகும். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆக, எட்டு ஆழாக்கு ஒரு படி. காசும் அதே வழியில் நடந்தது. ரூபாயில் பாதி எட்டணா, அதில் பாதி நாலணா, அதில் பாதி இரண்டணா. படி இரண்டு ரூபாய் என்றால் ஆழாக்கு நாலணா என்று, பள்ளிக்கூடம் போகாத பெண்மணியும் விரல் மடக்காமல் சொல்லிவிடுவார். படி ஒன்றே முக்கால் ரூபாய், மூன்று ஆழாக்கு என்ன ஆகும் என்றால், எண்சுவடி மனப்பாடம் செய்த கடைக்காரர் காகிதம் எடுக்காமல் பத்தரை அணா என்பார். அளவும் காசும் ஒரே மாதிரி பிரிந்ததால், எழுதத் தெரிந்தவர் சொன்ன கணக்கை எழுதத் தெரியாதவரும் பின்தொடர முடிந்தது. 870 மில்லியை அப்படிப் பின்தொடர யாராலும் முடியாது.

ஆனால் அந்தப் படி எந்தப் படி என்ற கேள்வி எப்போதும் இருந்தது. ஊருக்கு ஊர் படி மாறும். சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று பேச்சிலேயே பிரிவு உண்டு. தலை வழித்து அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்பதில் ஒரு பிடி தானியம் வித்தியாசப்படும். விவசாயியிடம் வாங்கும்போது கோபுரம், வாடிக்கையாளருக்கு விற்கும்போது வழித்த தலை என்று அளந்தவர்கள் இருந்தார்கள். படியின் அடித்தகட்டை உள்பக்கமாக எழுப்பிவைப்பது, தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டுவது எல்லாம் பழைய வித்தைகள். பருப்பில் கல்லும் மிளகில் பப்பாளி விதையும் கலந்து வந்தன. வாங்கிய பருப்பை முறத்தில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்குவது ஒரு வீட்டுப் பெண்ணின் அன்றாட வேலை. அந்த நேரத்தை யாரும் பருப்பின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டதில்லை. திருவல்லிக்கேணியில் 1904இல் நுகர்வோர் தாங்களே கூடி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகர நெசவாளர்கள், கலப்படமில்லாத பொருளையும் சரியான அளவையும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளத் தொடங்கிய கடைதான் அதற்கு முன்மாதிரி. அளவில் நம்பிக்கை போனால் என்ன செய்வது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலான கேள்வி.

அதற்குச் சட்டத்தின் பதில் 1956இல் வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே அளவு முறை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோவும் லிட்டரும். 1960களின் தொடக்கத்தில் வீசையும் பலமும் சட்டப்படி விடைபெற்றன. பேச்சில் அவை இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, அதைக் கிலோவாக மாற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்கு நிறைவு வராது. ஆனாலும் அந்த மாற்றம் பெரிய நன்மை. நாகர்கோவிலில் ஒரு கிலோவும் வேலூரில் ஒரு கிலோவும் ஒன்றே என்பது, இந்த நாட்டில் பொருள் வாங்குகிறவருக்குக் கிடைத்த முதல் பெரிய பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஈயத்தில் பதித்த முத்திரை இருக்கும். தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. முத்திரை ஆய்வாளர் வருகிறார் என்றால் கடைவீதியில் ஒரு பரபரப்பு ஓடும்.

எனக்குத் தெரிந்த மளிகைக் கடை எழுபதுகளின் கும்பகோணத்துக் கடை. வாசலில் மூட்டைகள் வாய் திறந்து நிற்கும். துவரை, கடலை, உளுந்து, பச்சைப் பயறு என்று ஒவ்வொன்றிலும் ஒரு தகரக் கரண்டி குத்தியிருக்கும். கல்லாவுக்கு மேலே உத்தரத்திலிருந்து நூல்கண்டு தொங்கும். “கால் கிலோ உளுந்து” என்று கேட்டதும் கடைக்காரர் தராசின் ஒரு தட்டில் 200 கிராம், 50 கிராம் கல் இரண்டையும் வைப்பார். மறு தட்டில் கிழித்த செய்தித்தாள். உளுந்து விழ விழ முள் நடுவுக்கு வரும். வந்ததும் விரலிடுக்கில் நாலு பருப்பு கூடப் போடுவார், தட்டு லேசாகத் தாழும். காகிதத்தின் நான்கு மூலையையும் மடித்து, நூலை இழுத்து இரண்டு சுற்று சுற்றி, ஒரு சுண்டு சுண்டினால் நூல் அறுந்து பொட்டலம் கையில் வரும். அந்தப் பொட்டலத்தில் எதுவும் அச்சிட்டிருக்காது. எடையை நாம் கண்ணால் பார்த்திருப்போம், விலையைக் காதால் கேட்டிருப்போம். குழந்தை கூடப் போயிருந்தால் ஒரு பிடி பொட்டுக்கடலையோ வெல்லக் கட்டியோ கொசுறு.

எதிரெதிர்க் கடைகளை ஒப்பிடுவதும் எளிதாக இருந்தது. “அங்கே உளுந்து கிலோ மூணே கால், இங்கே மூணரை” என்று தெருவில் போகும்போதே சொல்லிக்கொள்வார்கள். ஒரே சொல், ஒரே அலகு. யாரும் எதையும் வகுக்கவில்லை.

அந்தக் கடையில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். விலைப்பட்டியல் கிடையாது. ஆளைப் பார்த்து விலை சொல்வது உண்டு. மாதச் சம்பளக் குடும்பங்கள் பற்று நோட்டு வைத்திருந்தன. கடன் இருக்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது, போட்ட விலையைக் கேள்வி கேட்கவும் நா எழாது. பொருள் எல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம். எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி வைக்கிற உரிமை வாங்குகிறவருக்கு இல்லை. கடைக்குள் ஏற விடாமல் தெருவில் நிறுத்திப் பொருள் கொடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். எடையின் நேர்மையை நினைத்து ஏங்குகிறபோது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

உறையில் அடைத்த பொருள் பெருகத் தொடங்கியதும் அதற்கெனத் தனி விதிகள் வந்தன. 1976இல் புதிய எடையளவுச் சட்டம். 1977இல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள். தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், விலை எல்லாம் உறையில் இருக்க வேண்டும் என்றன அவை. அதோடு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எண்ணெய், உப்பு, தேயிலை, காபி, பிஸ்கட், ரொட்டி, வெண்ணெய், பருப்பு வகைகள், சோப்புத்தூள் போன்ற அன்றாடப் பொருள்களை, விதியில் பட்டியலிட்ட அளவுகளில்தான் அடைக்க வேண்டும். நூறு கிராம், இருநூறு, ஐந்நூறு, ஒரு கிலோ என்பது போன்ற சீரான படிகள். கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி உறை மாறினாலும் உள்ளிருக்கும் அளவு ஒன்றாக இருந்ததால், விலையை மட்டும் பார்த்தால் போதும். தராசு போய்விட்டாலும், தராசு தந்த வசதி பாதிக்கு மேல் நீடித்தது அந்த ஒரு பட்டியலால்தான்.

1990இல் விலை அச்சிடும் முறையும் தெளிவானது. அதுவரை “உள்ளூர் வரிகள் தனி” என்று அச்சிட்டு, அந்த வரி எவ்வளவு என்பதைக் கடைக்காரர் வாயில் விட்டிருந்தார்கள். அதன்பின் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்ஆர்பி, கட்டாயமானது. பேருந்து நிலையக் கடையிலும் கோயில் வாசலிலும் கூடுதலாகக் கேட்டால் உறையைத் திருப்பிக் காட்டலாம் என்ற துணிவு மக்களுக்கு வந்தது. இது உண்மையான ஆதாயம்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே கடலூரில் இன்னொரு மாற்றம் முளைத்திருந்தது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்றார். பாட்டில் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் ஷாம்பு போனது. அவருடைய மகன் தொடங்கிய கம்பெனி அதை நாடெங்கும் கொண்டுபோனது. இன்று பெட்டிக்கடை வாசலில் தோரணமாகத் தொங்கும் காபித்தூள், ஊறுகாய், தேங்காய் எண்ணெய், சலவைத்தூள் சரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

காசைச் சொல்லிப் பொருள் கேட்பது புதிது அல்ல. “நாலணாவுக்கு நல்லெண்ணெய்”, “பத்துப் பைசாவுக்குச் சீரகம்” என்று கேட்டுத்தான் கூலி வேலைக்காரக் குடும்பங்கள் அன்றாடம் அடுப்பு மூட்டின. இன்றைய ஐந்து ரூபாய்ப் பாக்கெட், பத்து ரூபாய்ப் பாக்கெட் அந்தக் கேள்வியின் வாரிசு. ஆனால் அன்று எண்ணெய் விலை ஏறினால், நாலணாவுக்கு ஊற்றும் கரண்டி சற்றுக் குறைவாகச் சாய்வதை வாங்குகிறவர் எதிரில் நின்று பார்ப்பார். “என்னண்ணே, குறையுதே” என்பார். “விலை ஏறிப்போச்சும்மா” என்று பதில் வரும். குறைவுக்கு ஒரு பேச்சு இருந்தது. இன்று அந்தக் குறைவு ஒட்டிய உறைக்குள் நடக்கிறது. 2022இல் கோதுமை, பாமாயில் விலைகள் உயர்ந்தபோது, பத்து ரூபாய்ப் பாத்திரச் சோப்பு ஒன்று 155 கிராமிலிருந்து 135 கிராமானது. விலை அதே பத்து, உறையின் நிறமும் படமும் அதே. கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 15 சதவீத விலை ஏற்றம். எடையை அச்சிட்டிருந்தார்கள், சட்டப்படி தவறு இல்லை. பார்த்தவர் எத்தனை பேர்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சூப்பர் மார்க்கெட் நம் ஊர்களுக்குள் வந்தது. கூட்டுறவுத் துறையின் சிறப்பங்காடிகள் முன்பே இருந்தன. 1996இல் சென்னையில் திறந்த ஃபுட்வேர்ல்டுக்குப் பிறகுதான் குளிரூட்டிய கடையும் தள்ளிக்கொண்டு போகும் டிராலியும் நடுத்தர வீட்டின் வழக்கமாயின. கல்லா விலகியது. பொருள் கைக்கு எட்டியது. ஒரு பெண் பத்து நிமிடம் நின்று இரண்டு பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றையும் வாங்காமல் போகலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. பில்லில் ஒவ்வொரு பொருளும் தனி வரியில் வருகிறது. பருப்பில் கல் இல்லை. காலாவதித் தேதி இருக்கிறது. கும்பகோணத்துக் கடையில் எங்கள் வீட்டார் கனவில்கூடக் கேட்டிராத வசதிகள் இவை.

இவ்வளவு வெளிச்சத்திலும் ஒன்று மட்டும் மங்கியது. எது மலிவு?

2021இல் மத்திய அரசு பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தியது. சீரான அளவுகளைச் சொன்ன அந்தப் பட்டியல் 2022 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. எந்த அளவிலும் அடைக்கலாம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு உறையிலும் அலகு விலை, அதாவது கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதை, அச்சிட வேண்டும் என்று புதிய விதி வந்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்டுப் பிறகு அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. படி விலையும் கிலோ விலையும் திரும்பி வந்த மாதிரிதான் முதலில் தோன்றியது.

உறையை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், தொகுதி எண்ணும் தேதியும் மங்கிய புள்ளி எழுத்தில் இருக்கும் இடத்தில், அவற்றோடு புள்ளி எழுத்தாக அலகு விலையும் இருக்கிறது. அலகு விலைக்கான ஆங்கிலச் சுருக்கமாக யுஎஸ்பி என்ற மூன்று எழுத்து, பிறகு 0.17 என்ற எண், பிறகு கிராம் என்பதற்கான ஓர் எழுத்து. கிராம் விலை ஏன்? விதி அப்படி: ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டுக்குக் கிராம் விலை, ஒரு கிலோவுக்கு மேற்பட்டதற்குக் கிலோ விலை. 900 கிராம் பாக்கெட்டில் 0.17 என்றும் பக்கத்தில் உள்ள ஒன்றரைக் கிலோ பாக்கெட்டில் 168 என்றும் இருக்கும். ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். எந்த வீட்டிலும் பருப்பைக் கிராம் விலையில் பேசுவதில்லை. கிராம் விலையில் பேசுவது தங்கத்தைத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குவதில் இருக்கிறது. கிராமுக்கு ஒரு பைசா என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய். இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் பத்து ரூபாய்க்குக் குறைந்த வித்தியாசம் மறைந்துபோகலாம். அரைக் கிலோ ரவை ஒன்று 33 ரூபாய், இன்னொன்று 37 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 66, 74. எட்டு ரூபாய் வித்தியாசம். உறையிலோ இரண்டிலும் 0.07 என்றே அச்சாகும். எட்டில் ஒரு பங்குக்கு நெருங்கிய வித்தியாசத்தை, ஒப்பிடுவதற்கென்றே வந்த எண் விழுங்கிவிடுகிறது. ரவை, உப்பு, மாவு, சர்க்கரை போன்ற விலை குறைந்த பொருள்களில், அதாவது ஏழை வீட்டுக்கும் போகிற பொருள்களில், இந்த விழுங்கல் அதிகம்.

எண்ணெயில் இது இன்னும் ஒரு படி போகிறது. செக்கடியில் ஆழாக்கால் அளந்து, நாம் கொண்டுபோன தூக்கில் ஊற்றித் தந்த பொருள் அது. இன்று பாதி லிட்டரில், பாதி கிராமில். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். சில பாக்கெட்டுகள் லிட்டர் பாக்கெட் போலவே உயரமும் பருமனுமாக இருக்கும். உள்ளே 850 கிராமோ 800 கிராமோதான். லிட்டர் 150 ரூபாய், 850 கிராம் 142 ரூபாய் என்று கொள்ளுங்கள். பார்த்ததும் கை 142க்குத்தான் போகும். கிலோவுக்கு மாற்றினால் முதலாவது சுமார் 165 ரூபாய், இரண்டாவது 167. எட்டு ரூபாய் மிச்சம் என்று எடுத்தது உண்மையில் விலை கூடியது. உறையின் அலகு விலையோ ஒன்றில் லிட்டருக்கு, மற்றதில் கிராமுக்கு. இதில் வெப்பநிலையும் சேர்ந்திருந்தது. எண்ணெய் சூட்டில் விரிவடையும். சிலர் 60 டிகிரி வெப்பத்தில் அளந்த லிட்டர் என்று அச்சிட்டார்கள். 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் சுமார் 919 கிராம்; 60 டிகிரியில் 893 கிராம்கூட வராது. லிட்டர் என்ற பெயரில் 26 கிராம் குறைகிறது. மத்திய நுகர்வோர் துறை இதைக் கவனித்து, வெப்பநிலையைச் சொல்லாமல் எடையையும் சரியாக அச்சிடும்படி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. அப்படிக் கவனிக்கிற கண் எண்ணெயில் இருந்தது; ரவையிலும் இருக்க வேண்டும்.

அரிசியின் கதை நம் மாநிலத்துக்கே உரியது. 25 கிலோ சிப்பம் என்பது வீட்டுக் கணக்கின் அடிப்படை அலகாக இருந்தது. மாதம் ஒரு சிப்பம், இரண்டு சிப்பம் என்றே பேசுவார்கள். 2022 ஜூலை 18 முதல், உறையிட்டுப் பெயர் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு அந்த வரி இல்லை. உடனே ஆலைகளிலிருந்து 26 கிலோ மூட்டைகள் வரத் தொடங்கின. வாங்குகிறவருக்கு வரி மிச்சம்தான், அதில் குறை இல்லை. ஆனால் பழைய 25 கிலோ விலையும் புதிய 26 கிலோ விலையும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், 1,500 ரூபாயை 25ஆல் வகுப்பது போல 1,540ஐ 26ஆல் யாரும் மனத்தில் வகுப்பதில்லை. முன்னது கிலோ 60. பின்னது 59 ரூபாய் 23 காசு. விலை கூடியதாகத் தெரிகிற மூட்டைதான் மலிவு.

பக்கத்து மாநிலத்துப் பாலும் இப்படி அலைந்தது. கர்நாடகத்தின் நந்தினி பால் 2024 ஜூனில் அரை லிட்டர் பாக்கெட்டை 550 மில்லியாகவும் ஒரு லிட்டரை 1,050 மில்லியாகவும் ஆக்கி, பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூட்டியது. மில்லிக்குக் கணக்கிட்டால் அது விலை ஏற்றமே அல்ல. அடுத்த ஏப்ரலில் கூடுதல் 50 மில்லியை எடுத்துவிட்டு, லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏற்றினார்கள். பத்து மாதத்தில் அளவு ஒருமுறை ஏறி இறங்கியது. விலை இரண்டு முறையும் மேலேதான். ஒவ்வொரு அடிக்கும் அறிவிப்பு வந்தது. ஆனாலும் முதலில் கொடுத்த விலையையும் கடைசியில் கொடுக்கும் விலையையும் நேராக ஒப்பிட வேண்டுமானால் நடுவில் வந்த 1,050ஐத் தாண்டிப் போக வேண்டும்.

இந்த இடத்தில் ரேஷன் கடை நினைவுக்கு வருகிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். பொருளின் தரத்தைப் பற்றியும் எடை குறைவதைப் பற்றியும் ஆயிரம் புகார் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அங்கே அளவும் விலையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடியவை. அதனால்தான் அங்கே எடை குறைந்தால் உடனே தெரிகிறது, சண்டை வருகிறது.

“பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு” என்பது நம் வீடுகளில் நெடுநாள் நம்பிக்கை. மூட்டையாக வாங்கினால் விலை குறையும் என்ற அனுபவத்தில் வந்தது அது. அன்று அது பெரும்பாலும் உண்மை. சூப்பர் மார்க்கெட்டில் அதை நம்பிக் கையை நீட்ட முடியாது. அரைக் கிலோ பாக்கெட் 86 ரூபாய்க்கும், ஒரு கிலோ பாக்கெட் 178 ரூபாய்க்கும் ஒரே ரேக்கில் இருக்கலாம். இரண்டு சின்னதை எடுத்தால் ஆறு ரூபாய் மிச்சம். ஷாம்புவில் இது தலைகீழாகவே நிலைத்துவிட்டது: சின்ன உறையில் மில்லிக்கு ஆகும் விலை பாட்டிலைவிடக் குறைவாக இருப்பது நம் நாட்டுச் சந்தையில் பல ஆண்டு வழக்கம். மசாலாவிலும் காபித்தூளிலும் அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பொருளில் எது என்பதற்கு விதி கிடையாது; ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டாக வேண்டும்.

எம்ஆர்பியும் தன் வேலையை மாற்றிக்கொண்டது. 1990இல் அது வாங்குகிறவரைக் காக்க வந்த உச்சவரம்பு. இன்று அதை அடித்துவிட்டு, கீழே சிவப்பில் “எங்கள் விலை” என்று எழுதுகிறார்கள். 240ஐ அடித்து 169 என்றால் 71 ரூபாய் லாபம் என்று மனம் கணக்கிடுகிறது. அந்த 240 என்ற எண்ணைத் தயாரித்தவரே முடிவு செய்கிறார். மருந்து போன்ற சில பொருள்களைத் தவிர, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காக்க வந்த எண், தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டும் எண்ணாகிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு குறைத்தார்கள் என்பது அல்ல, கிலோ என்ன விலை என்பதுதான். பழைய கேள்வி.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது இந்தக் காலத்தின் கணக்கு முழுசாக வெளியே தெரிந்தது. பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் 5 ஆனது. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டின் விலை 4 ரூபாய் 45 காசுக்கு இறங்க வேண்டும். ஐந்து காசு நாணயம் புழக்கத்தில் இல்லை. கால் ரூபாய் வரையிலான காசுகள் 2011லேயே செல்லாதவையாகிவிட்டன. எனவே விலையை ஐந்திலேயே வைத்து எடையைக் கூட்டுவது என்று பல நிறுவனங்கள் சொல்லின. வரிக் குறைப்பு முழுவதும் வாங்குகிறவருக்கு வர வேண்டுமானால் 50 கிராம் பாக்கெட் 56 கிராம் ஆக வேண்டும். ஆனதா என்று பார்க்க, பழைய பாக்கெட்டின் எடை நினைவில் இருக்க வேண்டும். நாலணாவுக்கு எண்ணெய் வாங்கியவருக்கு நேற்றைய கரண்டி எவ்வளவு சாய்ந்தது என்று நினைவிருந்தது, எதிரில் நின்று பார்த்ததால். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்து எண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்?

செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2009இலிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள், ரேக்கில் ஒட்டும் விலைச் சீட்டிலேயே, பாக்கெட் விலைக்குப் பக்கத்தில் நூறு கிராமுக்கோ நூறு மில்லிக்கோ என்ன விலை என்று போட்டாக வேண்டும். உறையைப் புரட்ட வேண்டாம். கண்ணுக்கு நேரே, ஒரே அலகில். நம் கடைகளில் பார்கோடு கருவியும் சீட்டு அச்சடிக்கும் இயந்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. கணினியில் எடையும் விலையும் இருக்கின்றன. வகுத்தலை அது செய்யும். நம் விதியோ அலகு விலையைத் தயாரிப்பாளர் உறையில் போட வேண்டும் என்கிறது. கடைக்காரர் ரேக்கில் போட வேண்டும் என்று சொல்லவில்லை. உறையில் அச்சாவதும் எம்ஆர்பியை வகுத்த விலை. கடையின் தள்ளுபடி விலைக்கு அது பொருந்தாது. அரைக் கிலோவோ ஐந்து கிலோவோ, எல்லாவற்றுக்கும் கிலோ விலை, எல்லா எண்ணெய்க்கும் லிட்டர் விலை என்று ஒரே அலகைக் கட்டாயமாக்கினால், தசமத்தில் எட்டு ரூபாய் காணாமல் போகாது.

சில சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது ஒரு மூலையில் மூட்டைகள் மறுபடி வாய் திறந்து நிற்கின்றன. பருப்பை நாமே அள்ளிப் பையில் போட்டால், மின்னணுத் தராசில் வைத்துச் சீட்டு ஒட்டித் தருகிறார்கள். அந்தச் சீட்டில் கிலோ விலை, எடை, தொகை மூன்றும் தனித்தனியாக இருக்கும். பாக்கெட் பருப்பின் விலையைச் சரிபார்க்க அந்த மூலைக்குப் போய்விட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பெட்டிக்கடைச் சரங்களுக்கு அந்த வசதியும் இல்லை. பத்து கிராம் அல்லது பத்து மில்லிக்கு மேற்படாத உறைகளுக்குப் பொட்டலப் பொருள் விதிகளிலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆறு மில்லி ஷாம்பு, இரண்டு கிராம் காபித்தூள் இவற்றில் அலகு விலை அச்சிடக் கட்டாயம் இல்லை. சரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று கிள்ளி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள். அந்தச் சின்ன உறையில் இடம் இல்லையென்றால், சரத்தின் தலைப்பு அட்டையில் ஒரு வரி அச்சிடலாம்: நூறு கிராம் என்ன விலை என்று.